எந்திரத்தை நிறுத்தும் உரிமை

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்று, பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு, 2020. ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்று அதன் 57ஆம் பிரிவு கூறுகிறது. எவையெல்லாம் மையப் பணி ஆகமாட்டா என்பதற்கு வரையறைப் பகுதியில் ஒரு பட்டியல் உண்டு. துப்புரவு, காவல், உணவகம், சுமை ஏற்றி இறக்குதல் என்று நீளும் அந்தப் பட்டியலில் தோட்டப் பணியும் புல்வெளிப் பராமரிப்பும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. தோட்டப் பணிக்கென்றே தொடங்கப்படாத எந்த நிறுவனமும் தன் வளாகத்துப் புல்லை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிடலாம். சட்டம் குறுக்கே நிற்காது.

நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று புல்வெளியைப் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் புல்லை வெட்டுகிறவரின் கை கால்களை அது எந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கிறது என்று கேட்பது தொழிலாளர் இயக்கத்தின் வேலை. கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பெங்களூரு போன்ற நகரத்தில் இந்த ஒரு வரியின் நிழலில் வேலை செய்வோர் பலர். அவர்களில் ஒரு பகுதியினரின் கையில் இன்று அரிவாள் இல்லை; பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும், அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் எந்திரம் இருக்கிறது.

பூங்கா நகரத்தின் புல்

ஹைதர் அலி 1760இல் தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்தெடுத்த லால்பாக் இன்று 240 ஏக்கரில் பரந்திருக்கிறது. அதன் தொடக்ககாலத் தோட்டக்காரர்களாகக் கருதப்படும் திகளர் சமூகத்தினர் தமிழ் வேர் கொண்டவர்கள். பெங்களூரு கரகத் திருவிழாவை இன்றளவும் நடத்திவருபவர்களும் அவர்களே. 1870இல் கப்பன் பூங்கா உருவாயிற்று. இவ்விரண்டும் மாநிலத் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் உள்ளன. இவை தவிர மாநகராட்சிப் பூங்காக்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். 1876இல் தோன்றிய கோல்ஃப் மன்றம் தொடங்கி, மின்னணு நகரத்திலும் ஒயிட்ஃபீல்டிலும் எழுந்த தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், சுற்றுச்சுவருக்குள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரை எங்கும் புல் வளர்க்கப்படுகிறது, வளர்ந்தது வெட்டப்படுகிறது.

நெடுங்காலம் அது அரிவாளோடு குந்தி அமர்ந்து வரிசையாக நகரும் பெண்களின் வேலையாக இருந்தது. பின்னர் தள்ளிச் செல்லும் எந்திரமும் தோளில் மாட்டிக்கொள்ளும் எந்திரமும் வந்தன. பரந்த வளாகங்களில் இப்போது இருக்கையும் சக்கரங்களும் கொண்ட எந்திரம் ஓடுகிறது. எந்திரம் வந்தபோது ஓட்டுநராக உயர்ந்தவர் பெரும்பாலும் ஆண். அரிவாள் பிடித்த பெண்ணுக்கு அவர் வெட்டிப்போட்ட புல்லை வாரும் வேலை மிஞ்சியது. எந்திரத்துக்கு மிக அருகில், கூலி மிகக் குறைவாக நிற்பவர் அவரே என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த எந்திரத்தின் பிறப்பு பூங்காவில் நிகழவில்லை. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை உருளையைக் கண்ட எட்வின் பட்டிங் என்பவர், அதே முறையைப் புல்லுக்குப் பொருத்தி 1830இல் காப்புரிமை பெற்றார். 1902இல் ரான்சம்ஸ் நிறுவனம் மோட்டார் பூட்டிய புல்வெட்டிகளை விற்கத் தொடங்கியது. ஆலையிலிருந்து எந்திரம் தோட்டத்துக்கு வந்துவிட்டது. ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்ற காப்புகள் அதே வேகத்தில் வந்துசேரவில்லை.

அந்த எந்திரம் என்ன செய்யும்?

ஓட்டுநரின் கால்களுக்குக் கீழே, இரும்புக் கூண்டுக்குள், ஒன்று முதல் மூன்று வெட்டுத்தகடுகள் சுழல்கின்றன. தகட்டு முனையின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்தர வரம்பு. மணிக் கணக்கில் அது ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு கூழாங்கல்லோ கம்பித் துண்டோ தகட்டில் பட்டால் அது எறிகணையாகப் பாயும். புல்லுக்குள் மறைந்து கிடக்கும் சொட்டுநீர்க் குழாயின் ஆணி, உடைந்த பாட்டில், மழை அரித்து வெளியே தள்ளிய கருங்கல் சில்லு ஆகியவற்றுக்கு பெங்களூருவில் பஞ்சமில்லை. லால்பாகின் நடுவே எழும் பாறை 300 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்தது. நகரத்தின் பெரும்பகுதி அத்தகைய பாறை மேட்டின்மேல், ஏறியும் இறங்கியும் கிடக்கிறது. சமதளப் புல்வெளியைக் காட்டும் விளம்பரப் படங்களுக்கும் இந்த மண்ணுக்கும் தொடர்பில்லை.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் எச்சரிக்கைக் குறிப்பொன்றில், அமர்ந்து ஓட்டும் புல்வெட்டிகளால் ஆண்டுதோறும் சுமார் 75 பேர் உயிரிழப்பதாகவும் சுமார் 20,000 பேர் காயமடைவதாகவும் மதிப்பிட்டது. இறப்பவர்களில் ஐவரில் ஒருவர் குழந்தை. விபத்துகளின் வகைகளும் தெரிந்தவையே. சரிவில் எந்திரம் கவிழ்ந்து ஓட்டுநர் அடியில் சிக்குவது. அருகில் நிற்பவர்மீது, குறிப்பாகப் பின்னோக்கி வரும்போது, ஏறிவிடுவது. எறியப்பட்ட பொருள் தாக்குவது. ஓடும் தகட்டில் கையோ காலோ படுவது. இந்த நான்கில் எதுவும் புதிரானது அன்று. நான்குக்கும் தடுப்பு முறைகள் உண்டு. அவை எந்திரத்தோடு வரும் கையேட்டின் முதற்பக்கங்களிலேயே அச்சாகியிருக்கின்றன. அச்சானவை ஏன் களத்தில் நடப்பதில்லை என்பதே விடை காண வேண்டிய கேள்வி.

ஓட்டும்போது

எந்திரத்தைக் கிளப்புவதற்கு முன் வெட்டப்போகும் நிலம் முழுவதையும் நடந்து பார்த்துக் கல், கம்பி, குச்சி ஆகியவற்றை அகற்ற வேண்டும். இது முதல் விதி. ஒரு நாளில் இத்தனை ஏக்கர் என்று கணக்கு வைக்கும் ஒப்பந்தத்தில் இந்த நடைக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

சரிவு 15 பாகைக்கு மேற்பட்டால் ஓட்டலாகாது என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்களின் வரம்பு. 10 மீட்டர் தூரத்துக்குள் தரை ஏறத்தாழ 2.7 மீட்டர் உயர்ந்தால் அது 15 பாகை. சரிவில் பின்னோக்கி ஏற எந்திரம் திணறினால் அந்தச் சரிவை விட்டுவிட வேண்டும் என்பது எளிய சோதனை. தள்ளிச் செல்லும் எந்திரத்தைச் சரிவின் குறுக்கே தள்ள வேண்டும். அமர்ந்து ஓட்டும் சிறு டிராக்டர் வகையை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். பழைய எந்திரத்தில் பழகிய கை, புதிய எந்திரத்தில் அதையே செய்தால் கவிழும். பெங்களூருவின் பூங்காக்களில் பல ஏரிக்கரைகளை ஒட்டியவை. கரைச் சரிவிலும் தடுப்புச் சுவர் விளிம்பிலும் எந்திரத்தின் அகலத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி விட்டு, எஞ்சிய புல்லைக் கையால் வெட்டுவதே முறை. மழைக்காலத்தில் ஈரப்புல்மேல் சக்கரம் வழுக்கும். பிரேக் பிடித்தும் பயனிராது. புல் காயும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் லால்பாக் போன்ற இடங்களில் மலர்க் கண்காட்சிகளின் நாள்களைக் குடியரசு நாளும் விடுதலை நாளும் தீர்மானிக்கின்றன. ஆகஸ்டு மாதம் மழைக்காலம் என்பது நாள்காட்டிக்குத் தெரியாது.

பெரிய எந்திரங்களில் ஓட்டுநருக்குப் பின்னே இரும்பு வளைவு ஒன்று நிமிர்ந்து நிற்கும். எந்திரம் கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காப்பது அதுவே. வளைவு நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப் பட்டையை அணிய வேண்டும். வளைவை மடக்கினால் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும், இல்லையேல் கவிழும் எந்திரத்தோடு ஓட்டுநரும் கட்டுண்டு போவார். மரக்கிளைகள் தாழ்ந்த பூங்காவில் வளைவை மடக்கியே ஆகவேண்டிய இடங்கள் உண்டு. அவ்விடத்தைக் கடந்ததும் அதை மீண்டும் நிமிர்த்த வேண்டும். இறங்கி, நிமிர்த்தி, பட்டையை மாட்டி, மீண்டும் ஏறும் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களுக்குக் கூலி உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தே வளைவு நிமிர்கிறது, அல்லது மடங்கியே கிடக்கிறது.

மாநகராட்சிப் பூங்காக்களைக் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்துவைக்கும் முடிவு 2024இல் எடுக்கப்பட்டது. நெருக்கடியான வீடுகளில் வாழும் மக்களுக்கு அது நல்ல முடிவு. ஆனால் பூங்கா மூடியிருந்த நண்பகல் வேளை முன்பு ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது. இப்போது குழந்தைகளும் முதியவர்களும் நடமாடும் நேரத்திலேயே புல்வெட்ட நேர்கிறது. வெட்டும் பகுதியைக் கயிறு கட்டி மறிக்கவும், பின்னோக்கி வரும்போது பார்த்துக்கொள்ளவும் இன்னொரு தொழிலாளி வேண்டும். எந்திரம் வாங்கியதே ஆள்குறைப்புக்காக என்னும்போது அந்த இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார்?

இருக்கைக்கு அடியில் ஒரு கம்பி

அமர்ந்து ஓட்டும் எந்திரத்தின் மிக முக்கியமான காப்பு, இருக்கைக்கு அடியில் உள்ள ஒரு சிறு சுவிட்சு. தகடு சுழலும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் தகடோ எஞ்சினோ நின்றுவிடும். தள்ளிச் செல்லும் எந்திரங்களுக்கு அமெரிக்கா 1982 முதல் இதையொத்த விதியொன்றைக் கட்டாயமாக்கியது: கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் தகடு நிற்க வேண்டும். மனித உடல் அகன்றால் எந்திரம் ஓய வேண்டும் என்பதே இவ்விரண்டின் அடிப்படை.

மேடுபள்ளமான தரையில் ஓட்டுநர் சற்றே துள்ளினாலும் இந்தச் சுவிட்சு எஞ்சினை அணைத்துவிடும். ஒரு மணி நேரத்தில் பத்து முறை அணைந்தால் அன்றைய கணக்கு முடியாது. அதனால் பல இடங்களில் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து அதை ஊமையாக்கிவிடுகிறார்கள். அதன்பின் கூண்டில் புல் அடைத்தால், ஓட்டுநர் இறங்கிவரும்போதும் உள்ளே தகடு சுழன்றுகொண்டிருக்கும்.

விபத்து நேர்ந்தபின் விசாரிப்பவர் அந்தக் கம்பியைக் காண்பார். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதுவார். சட்டமும் அதற்கு இடம் தருகிறது. பாதுகாப்புக்கென வைக்கப்பட்ட பொருளில் எவரும் வேண்டுமென்றே தலையிடலாகாது என்கிறது தொகுப்பின் 15ஆம் பிரிவு. விதி சரியானதே. ஆனால் கம்பியைக் கட்டிய கை மட்டுமே அந்த விதிக்குத் தெரிகிறது. ஒரு நாளைக்கு இத்தனை ஏக்கர் என்று எழுதிய கை, பழுதான இருக்கைச் சுவிட்சை மாற்றப் பணம் தர மறுத்த கை, மிகக் குறைந்த விலைக்கு ஒப்பந்தப்புள்ளியை ஏற்ற கை ஆகியவை அதன் பார்வைக்கு எட்டுவதில்லை. அந்தச் சிறு கம்பியை ஒரு தொழிலாளியின் அறியாமையாகப் பார்ப்பது பிழை. மூன்று தரப்பினர் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தின் எழுதப்படாத உட்பிரிவு அது.

எந்திரத்தின் பாதுகாப்பு பற்றிய பேச்சு முழுவதும் இறுதியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மழை பெய்தால், சரிவு மிகுந்தால், குழந்தை ஓடிவந்தால், சுவிட்சு பழுதானால் ஓட்டுநர் தானே முடிவெடுத்து எந்திரத்தை நிறுத்திவிட்டு, அன்றைய கூலியை இழக்காமல் வீடு திரும்ப முடியுமா? முடியுமென்றால் கையேட்டின் விதிகள் உயிர் பெறும். முடியாதென்றால் அவை நிறுவனத்தைக் காக்கும் சாட்சிப் பத்திரம் மட்டுமே.

பராமரிப்பு யாருடைய நேரத்தில்?

கூண்டில் புல் அடைத்துக்கொள்வது அன்றாட நிகழ்வு. அடைப்பை நீக்கும் முறை இது: தகட்டின் இணைப்பைத் துண்டித்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, எல்லாம் அசைவற்று நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோல் எந்திரமாயின் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அதன்பின்னும் கையை விடாமல் குச்சியால்தான் தோண்ட வேண்டும். எஞ்சின் அணைந்திருந்தாலும் தகட்டைக் கையால் திருப்பினால் சில வகைகளில் எஞ்சின் ஒரு சுற்று உதைக்கக்கூடும். ஒரே பெல்ட்டில் பூட்டிய தகடுகளில் ஒன்றைத் திருப்பினால் மற்றவையும் திரும்பும்.

தகட்டைக் கழற்றித் தீட்டும்போது தடித்த கையுறை வேண்டும். இரு பக்கமும் சமமாகத் தீட்டாவிட்டால் தகட்டின் எடை ஒருபுறம் சாய்ந்து, அதிர்வில் மரைகள் தளரும். விரிசல் கண்ட தகட்டைப் பற்றவைத்துப் பயன்படுத்தலாகாது, மாற்றியே ஆகவேண்டும். எந்திரத்தைத் தூக்கி அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றுகையில் எதிர்முனையை முதலிலும், பூட்டுகையில் அதை இறுதியிலும் கையாள வேண்டும். சூடான எஞ்சினில் எரிபொருள் ஊற்றக் கூடாது. மூடிய கொட்டகைக்குள் ஊற்றக் கூடாது. கேனை வண்டிமேல் வைக்காமல் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். சைலன்சரைச் சுற்றிப் படியும் காய்ந்த புல்லை நாள்தோறும் துடைக்காவிட்டால் அதுவே தீப்பற்றும். நாளெல்லாம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் அமர்ந்திருப்பவருக்குக் காதுக்காப்பு வேண்டும். இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே செவி ஓய்ந்துவிடும்.

இவை அனைத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரம் வேலை நேரமா? எந்திரம் நகர்ந்தால்தான் வேலை என்று கருதும் ஒப்பந்தத்தில் அது வேலை அன்று. காலையில் முன்னதாக வந்தோ மாலையில் பிந்திப் போயோ தொழிலாளி தன் கணக்கில் செய்ய வேண்டியது. கூலி தரப்படாத நேரத்தில் எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது. பராமரிப்பு நேரத்தைக் கூலி நேரமாக்குவது எட்டு மணி நேர வேலை நாளுக்கான போராட்டத்தின் ஓர் அங்கம்.

அபாயம், எச்சரிக்கை, கவனம்

அமர்ந்து ஓட்டும் எந்திரங்களின் கையேடுகளும் அவற்றின் உடலில் ஒட்டிய எச்சரிக்கை வில்லைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பெங்களூருவின் தோட்டங்களில் வேலை செய்வோர் பேசும் மொழிகள் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது, இந்தி, ஒடியா, வங்காளம். கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்தவர்கள் தலைமுறைகளாக அங்கே உழைத்துவருகிறார்கள். ஓட்டுநரைத் தவிர அனைவரும் படிக்கக்கூடிய மொழியில் எழுதப்பட்ட எச்சரிக்கை, ஓட்டுநருக்கான எச்சரிக்கை ஆகாது.

மொழிபெயர்த்தாலும் போதாது, சரியாக மொழிபெயர்க்க வேண்டும். அமெரிக்கத் தரவிதியில் எச்சரிக்கைச் சொற்களுக்கு மூன்று படிகள் உள்ளன. தவிர்க்காவிட்டால் மரணமோ படுகாயமோ நிச்சயம் என்பது முதற்படி. மரணமோ படுகாயமோ நேரக்கூடும் என்பது இரண்டாம் படி. சிறு காயமோ நடுத்தரக் காயமோ நேரக்கூடும் என்பது மூன்றாம் படி. தமிழில் மூன்றையும் "எச்சரிக்கை" என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிடுவது எளிது. அப்படிச் செய்தால் சூடான சைலன்சரும் சுழலும் தகடும் ஒரே அளவு ஆபத்தானவையாகிவிடும். எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை என்றால் எதற்கும் எச்சரிக்கை இல்லை. அபாயம், எச்சரிக்கை, கவனம் என மூன்று சொற்கள் தமிழில் இருக்கின்றன. அவற்றை மாறாமல் ஒரே வரிசையில் ஆள்வது இலக்கிய நயம் சார்ந்த செய்தியன்று. ஒருவரின் விரல்கள் அதைச் சார்ந்திருக்கின்றன.

எழுதப்பட்டதைப் படிக்க இயலாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கையேடு என்பது வேலை தெரிந்த ஒருவர் எந்திரத்தின் அருகே நின்று, அவர்களது மொழியில், செய்துகாட்டிச் சொல்லும் பயிற்சி. அந்தப் பயிற்சி நாளும் கூலி நாளாக இருக்க வேண்டும். பயிற்சி பெறாதவரை இருக்கையில் அமர்த்தும் உரிமை எந்த மேற்பார்வையாளருக்கும் இருக்கலாகாது.

வேலியிட மறுத்தவர்கள்

எந்திரத்துக்கு வேலியிடுவதா வேண்டாமா என்பது பழைய வழக்கு. 1844ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆலைச் சட்டம் ஆபத்தான எந்திரப் பகுதிகளுக்கு மறைப்பு வைக்கப் பணித்தது. ஆலை முதலாளிகள் சங்கம் கூட்டி அதை எதிர்த்தனர். தொழிலாளரின் உறுப்புகளைக் காக்கும் சிறு செலவைக்கூட அவர்கள் எத்துணை வெறியோடு எதிர்த்தார்கள் என்பதை மார்க்ஸ் "மூலதனம்" முதல் தொகுதியில் எடுத்துக்காட்டுகிறார். மூன்றாம் தொகுதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் அதற்கான காரணத்தை விளக்குகிறார்: எந்திரம், கட்டடம், காப்புச் சாதனம் ஆகியவற்றில் முதலாளி மிச்சப்படுத்தும் ஒவ்வொரு காசும் இலாப விகிதத்தை உயர்த்துகிறது; அந்த மிச்சம் தொழிலாளியின் உடலிலிருந்து எடுக்கப்படுகிறது. இருக்கைச் சுவிட்சில் கட்டிய கம்பியை விளங்கிக்கொள்ள இதைவிடத் தெளிவான உரை வேறில்லை.

இந்தியாவிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. பசுமைப் புரட்சிக் காலத்தில் வட மாநிலங்களில் பரவிய விசைக் கதிரடிப்பான்கள் விவசாயத் தொழிலாளர் பலரின் கைகளைப் பறித்தன. அதன் விளைவாக 1983இல் ஆபத்தான எந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது. எந்திரத்தின் தயாரிப்பாளர்மீதும் அது கடமை சுமத்தியது; காயமுற்றவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் இழப்பீட்டுக்கு வழி செய்தது. ஆலைக்கு வெளியே, வயலில் நிற்கும் எந்திரத்தையும் சட்டத்தால் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு அது சான்று. ஆயினும் விசைக் கதிரடிப்பானுக்கும், விவசாய அல்லது கிராமப்புறப் பயன்பாட்டுக்கென அரசு அறிவிக்கும் எந்திரங்களுக்கும் அப்பால் அதன் கை நீளவில்லை. நகரப் பூங்காவின் எந்திரம் வயலுக்கும் ஆலைக்கும் நடுவே, எவர் கண்ணிலும் படாமல் நிற்கிறது.

புதிய தொகுப்பு அதைக் கண்டுகொண்டதா? 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் அனைத்துக்கும் அது பொருந்தும் என்பது ஏட்டளவில் ஒரு விரிவாக்கம். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்பான பகுதி பொருந்துவதற்கான எண்ணிக்கை 20இலிருந்து 50ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. ஒரு வளாகத்தின் தோட்டப் பணியில் 50 பேர் ஒரே ஒப்பந்தக்காரரிடம் இருப்பது அரிது. 14ஆம் பிரிவின்படி உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளிக்குத் தெரிவிக்கலாம், ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து இருப்பதாக முதலாளி மனநிறைவு கொண்டால் நடவடிக்கை எடுப்பார். ஆபத்துமிக்க வேலையிலிருந்து விலகி நிற்பவரைத் தண்டனையிலிருந்து காக்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை சொல்கிறது. 2022 ஜூனில் அது அடிப்படை உடன்படிக்கைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. தெரிவிக்கும் உரிமைக்கும் நிறுத்தும் உரிமைக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தில்தான் விரல்கள் இழக்கப்படுகின்றன.

இரண்டு மறுப்புகள்

தொழிற்சங்க இயக்கத்துக்குள்ளேயே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். எந்திரமே வேலையைப் பறிக்கிறது. அதைப் பாதுகாப்பாக ஓட்டக் கோருவது அதன் வருகையை ஏற்பதாகாதா என்பது முதலாவது. குந்தி அமர்ந்து அரிவாளால் வெட்டுவதில் மூட்டுத் தேய்வையும் முதுகுவலியையும் தவிர வேறு பெருமை இல்லை. எந்திரம் அந்த வலியைக் குறைக்கட்டும்; குறைந்த நேரம் தொழிலாளிக்கு ஓய்வாகட்டும். எதிர்க்க வேண்டியது எந்திரத்தை ஆளும் உடைமை உறவை. கயிறு கட்டவும் பின்புறம் பார்க்கவும் இரண்டாவது ஆளைக் கோருவது, பாதுகாப்பையும் வேலையையும் ஒருசேரக் காக்கும் கோரிக்கை.

கூலியும் பணி நிரந்தரமும் கிடைக்காத நிலையில் கையுறையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்பது இரண்டாவது மறுப்பு. பெங்களூருவின் துப்புரவுத் தொழிலாளர்களான பௌரகார்மிகர்களின் போராட்டம் இதற்கு விடை தருகிறது. அவர்களும் "மையப் பணி ஆகாது" என்னும் அதே பட்டியலில் இடம்பெற்றவர்களே. ஒப்பந்தக்காரரை அகற்றி மாநகராட்சியே நேரடியாகக் கூலி வழங்கும் நிலையை அவர்கள் போராடிப் பெற்றார்கள். 2022 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 மே நாளன்று 12,692 பேருக்குப் பணி நிரந்தர ஆணைகள் வழங்கப்பட்டன. கழிப்பறை, குடிநீர், கையுறை, உடை மாற்ற ஓர் அறை ஆகியவற்றைக் கேட்டு வந்தவர்களின் இயக்கம் அது. உடலின் மதிப்பைப் பேசத் தொடங்கிய இடத்தில் சங்கம் வேர்பிடித்தது. வேர்பிடித்த சங்கம் நிரந்தரத்தைப் பெற்றது. எது மையப் பணி, எது மையப் பணி அன்று என்பதைச் சட்டப் பட்டியல் ஒருமுறை எழுதிவிடலாம். அதை மாற்றி எழுதுவது அமைப்பாகத் திரண்டவர்களின் வலிமை.

தோழர்கள் செய்யத்தக்கவை

தோட்டத் தொழிலாளர் உள்ள பூங்காக்களிலும் வளாகங்களிலும் பின்வரும் கோரிக்கைகளை உடனடியாக முன்வைக்க முடியும். காப்புச் சுவிட்சுகளில் ஏதேனும் ஒன்று பழுதானாலும் எந்திரம் கொட்டகையை விட்டு வெளியே வரலாகாது. ஒப்பந்தப்புள்ளியில் பரப்பளவைக் குறிப்பிடும் இடத்திலேயே நிலத்தை நடந்து பார்க்கும் நேரம், பராமரிப்பு நேரம், பயிற்சி நேரம் ஆகியவையும் கூலியோடு குறிக்கப்பட வேண்டும். மக்கள் நடமாடும் இடத்தில் எந்திரம் ஒன்றுக்கு இருவர் வேண்டும். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் அளக்கப்பட்டு, அடையாளக் கல் நட்டு, எந்திரத்துக்கு விலக்கப்பட வேண்டும். கையேட்டின் பாதுகாப்புப் பகுதி தொழிலாளர்கள் பேசும் மொழிகளில் கொட்டகைச் சுவரில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஈஎஸ்ஐ பதிவு இருக்க வேண்டும். காயம் நேர்ந்தால் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பேற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தைக் கண்டு எந்திரத்தை நிறுத்திய எவருக்கும் அன்றைய கூலியில் ஒரு ரூபாயும் பிடிக்கப்படலாகாது.

கொட்டகைக்குச் சென்று எந்திரத்தின் இருக்கையைத் தூக்கிப் பார்க்கும் தோழருக்கு இந்தக் கட்டுரையின் பாதி வேலை முடிந்துவிடும். அங்கே சுவிட்சு மட்டும் இருந்தால் நன்று. கம்பியும் இருந்தால், கட்டியவர் யார் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஏக்கர் என்று எழுதியவர் யார் என்று கேட்க வேண்டும். சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு அந்தக் கேள்வியே போதுமான பொருள்.